கோட்டையா, கூட்டமா? ஸ்காட்லாந்தில் ஐந்து நாள் மட்டும் இருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர், அங்கே படிக்கும்போது ஒரு வாரம் விடுமுறை கிடைத்த மாணவர்கள், ஐரோப்பாவைச் சுற்றிவிட்டுக் கடைசியாக வடக்கே ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் வருகிற குழப்பம் ஒன்றுதான். ஸ்காட்லாந்துக்கு ஐந்து நாள் ஒதுக்கியாயிற்று. அதைக் கோட்டை, அரண்மனை, பழைய வீடு என்று செலவழிப்பதா, கில்ட் என்ற மடிப்புப் பாவாடை கட்டிய ஆட்கள் மரத்தைத் தூக்கி எறிகிற ஹைலண்ட் கேம்ஸ் மாதிரியான கூட்டங்களுக்குக் கொடுப்பதா? இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, "எல்லாக் கோட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

எதை எடுப்பது என்பதற்கு முன்னால், எதை வைத்து எடைபோடுவது என்று பார்த்துவிடலாம்.

## எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும்

தேதி. எல்லாவற்றுக்கும் முதலில் இதுதான். கோட்டை நாளைக்கும் அங்கேதான் இருக்கும். ஒரு ஊரின் ஹைலண்ட் கேம்ஸ் வருஷத்தில் ஒரே நாள். அதை விட்டால் அடுத்த வருஷம். மொத்தப் பருவமே மே முதல் செப்டம்பர் வரைதான், அதிலும் பெரும்பாலும் சனி, ஞாயிறு. ஆகவே விமானச் சீட்டு போடும் முன் பார்க்க வேண்டியது கூட்டங்களின் தேதியை. பலர் சீட்டைப் போட்டுவிட்டு அப்புறம் தேதியைத் தேடுகிறார்கள்.

மொத்தச் செலவு. நுழைவுச் சீட்டின் விலை இதில் சின்னப் பங்கு. தங்குமிடம், கார் வாடகை, படகு, சாப்பாடு இவைதான் கையைக் கடிப்பவை.

கார் இல்லாமல் போக முடியுமா. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு வாடகைக் கார் எடுக்கலாம், சாலையும் இடப்பக்க ஓட்டம்தான். ஆனால் ஹைலண்ட்ஸ் எனப்படும் வடக்கு மலைப்பகுதியில் பல இடங்களில் ஒரே ஒரு வண்டி போகிற அகலத்தில்தான் பாதை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும். அந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பது அங்கே பெரிய தப்பு.

மழை. மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். பெய்யும். எந்தத் திட்டம் மழையிலும் தாங்கும் என்பதே கேள்வி.

கூட வருகிறவர்களின் முட்டி. கோட்டை என்றால் குறுகலான சுழல் படிக்கட்டு. கூட்டம் என்றால் ஈரப் புல்வெளியில் ஆறு மணி நேரம்.

எது எவ்வளவு பழசு. பாரம்பரியம் பார்க்க வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். கிளர்ச்சிப் படையை அரசுப் படை தோற்கடித்த கலடன் போருக்குப் பின் 1746-இல் வந்த சட்டம் ஹைலண்ட்ஸ் ஆண்கள் கில்ட், டார்ட்டன் என்ற கட்டம்போட்ட துணி உடுத்துவதைத் தடை செய்தது. படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-இல் தடை நீங்கியது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த வரவேற்பில்தான் டார்ட்டன் நாடு முழுவதற்குமான உடையாக உருவெடுத்தது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் என்ற ஒழுங்கும், இன்று நாம் பார்க்கும் வடிவில் ஹைலண்ட் கேம்ஸும் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் அமைந்தவை. கட்டடமும் விதிவிலக்கல்ல. காலண்டரில் வருகிற ஐலியன் டோனன் கோட்டையை 1719-இல் அரசுப் போர்க்கப்பல்கள் தகர்த்துவிட்டன. இப்போது நிற்பது 1912-க்கும் 1932-க்கும் இடையில் எழுப்பியது. இதனால் எதுவும் போலி ஆகிவிடாது. எந்த வயதுக்காரரோடு பேசுகிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

## வழி 1: அரசு பராமரிக்கும் கோட்டைகள்

ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பின் கையில் 300-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே கிடையாது. எடின்பரோ, ஸ்டர்லிங், லாக் நெஸ் ஏரிக்கரையில் அர்கட், லின்லித்கோ போன்ற பேர்போன இடங்களுக்குத்தான் சீட்டு.

ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் என்றால் எடின்பரோவை விட்டுவிட்டு ஸ்டர்லிங் போகலாம் என்பது என் பரிந்துரை. எடின்பரோ பெரியது, பேர்பெற்றது, அதனாலேயே நெரிசலும் பெரியது. அங்கே 12-ஆம் நூற்றாண்டின் புனித மார்கரெட் சிற்றாலயம், 1449-இல் வார்த்த மான்ஸ் மெக் பீரங்கி, ஸ்காட்லாந்தின் மணிமுடி எல்லாம் உண்டு. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் சரியாக ஒரு மணிக்குப் பீரங்கி வெடிக்கும். 1861 முதல் உள்ள வழக்கம். முடிசூட்டுக்கல் மட்டும் இப்போது அங்கே இல்லை. 2024 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் பெர்த் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது; பழைய வழிகாட்டி நூலை வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஸ்டர்லிங் அப்படியில்லை. ஒரு அரச குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை அறை அறையாக நடந்து பார்க்கலாம். நான்காம் ஜேம்ஸ் கட்டிய பெரிய மண்டபம் தொலைவிலிருந்தே பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும். முதலில் பார்ப்பவர்கள், "யாரோ புதுசா பெயின்ட் அடிச்சுக் கெடுத்துட்டாங்க" என்பார்கள். உண்மை நேர்மாறு. அந்தக் காலத்தில் கல்லைக் காட்டாமல் சுண்ணாம்புப் பூச்சு பூசுவதே வழக்கம். பல ஆண்டுப் புனரமைப்பு 1999-இல் முடிந்தபோது அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுவில் அந்த மண்டபம் படைவீரர் தங்குமிடமாக இருந்து, தளம் போட்டு அறை அறையாகத் தடுக்கப்பட்டிருந்தது. ஐந்தாம் ஜேம்ஸின் அரண்மனையில் கூரையை நிமிர்ந்து பாருங்கள். சுமார் ஒரு மீட்டர் அகல ஓக் மர வட்டங்களில் மன்னர்கள், அரசியர், புராண வீரர்களின் முகங்கள் வண்ணத்தில் இருக்கும். அவை பிரதிகள். 16-ஆம் நூற்றாண்டு அசல்கள் மாடியில் தனிக் காட்சியறையில், வண்ணம் போய், மரத்தின் நிறத்தில், கண் மட்டத்தில் இருக்கின்றன. முதலில் கூரை, பிறகு அசல் என்ற வரிசையில் பார்த்தால்தான் உளியின் ஆழம் புரியும். இந்தக் காட்சியறையைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம்.

எடின்பரோவிலிருந்து ஸ்டர்லிங்குக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நிலையத்திலிருந்து கோட்டைக்கு இருபது நிமிஷம் மேடேற வேண்டும். அதே பாதையில் லின்லித்கோவில் இறங்கலாம். 1542-இல் மேரி அரசி பிறந்த அரண்மனை, 1746 தீயில் கூரையை இழந்த பிறகு வெறும் சுவர்களாக நிற்கிறது. நாற்காலி, மேஜை, திரைச்சீலை ஒன்றும் இல்லாததால் கட்டடத்தின் எலும்புக்கூடு நன்றாகத் தெரியும். கணப்பு அடுப்புகள் சுவரின் பாதி உயரத்தில் தொங்குவது போலிருக்கும். அங்கே ஒரு மரத்தளம் இருந்தது என்று பொருள்.

மறைந்த செலவுகள்: இந்த அமைப்பின் இடங்களுக்கென்று சுற்றுலாப் பாஸ் உண்டு. அது குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் செல்லும் என்பதால் முதல் இடத்திலிருந்து கணக்குப் போட்டு நெருக்கமாகப் பார்ப்பவருக்கே லாபம். எடின்பரோவும் ஸ்டர்லிங்கும் மட்டும் போதும் என்றால் தனித்தனிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ் இருந்தாலும் எடின்பரோவுக்கு நேரத்தை முன்பதிவு செய்துகொள்வது நல்லது. கோடையில் அன்றைய சீட்டு தீர்ந்துவிடுவது சகஜம், வாசலில் விலையும் கூடுதல். ஆகஸ்டில் ராணுவ இசை விழாவுக்காக எடின்பரோக் கோட்டையின் முன்திடலில் இருக்கை மேடைகள் எழுந்து நிற்கும், முகப்புப் படம் கிடைக்காது. இன்னொன்று: உயரத்தில் உள்ள கற்கள் தளர்ந்துவிட்டனவா என்று பார்க்கும் சோதனைக்காகச் சில ஆண்டுகளாகப் பல இடங்களில் வேலி போட்டிருக்கிறார்கள். போகும் முந்தின நாள், "இன்று திறந்திருக்கிறதா, எந்தப் பகுதி மூடியிருக்கிறது" என்று அவர்களுடைய தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நுழைவும் மூடும் நேரமும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த வழி பொருந்துவது: கார் இல்லாதவர்களுக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரை வருகிறவர்களுக்கு, முதல் தடவை வருகிறவர்களுக்கு.

## வழி 2: மனிதர்கள் வாழ்ந்த வீடுகள்

நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து, 1931-இல் தொடங்கிய அறக்கட்டளை, அரசு அமைப்பு அல்ல. அரசுப் பாஸ் இங்கே செல்லாது. இவர்களுடைய உறுப்பினர் அட்டை அரசுக் கோட்டையில் செல்லாது. கிளாமிஸ், பிளேர், இன்வரேரி, டன்வேகன் போன்ற தனியார் கோட்டைகளில் இரண்டுமே செல்லாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் பணத்தை விடுகிறவர்கள் கணிசம். இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை பிள்ளைகளிடம் இருந்தால் அது ஸ்காட்லாந்து அறக்கட்டளையிலும் செல்லும். முதலில் அதை விசாரியுங்கள்.

கோட்டையைவிட வீடு அதிகம் பேசும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு இடம் சொல்வேன். ஒன்று, கிளாஸ்கோவின் டெனமென்ட் ஹவுஸ். ஆக்னஸ் டோவர்ட் என்ற தட்டச்சுப் பணியாளர் 1911 முதல் 1965 வரை குடியிருந்த நாலு அறை அடுக்குமாடி வீடு. எதையும் தூக்கி எறியாத பெண்மணி. ரசீது, ஜாம் பாட்டில், கடிதம் எல்லாம் அப்படியே. சமையலறைச் சுவருக்குள் ஒரு மாடக்குழி போல் ஒதுக்கி அதில் கட்டில் போட்டிருப்பார்கள். அடுப்பின் சூடு வீணாகாமல் படுக்கையைச் சேரும். நிலக்கரிப் பெட்டியும் வீட்டுக்குள்ளேயே. அரசர்களின் மண்டபத்தில் கிடைக்காத ஸ்காட்லாந்து இது.

இரண்டு, ஃபைஃப் கடற்கரையின் கல்ராஸ். 'அரண்மனை' என்று பேர் இருந்தாலும் ஜார்ஜ் புரூஸ் என்ற நிலக்கரி, உப்பு வணிகர் 1597-இலிருந்து கட்டிய வீடு. தாழ்ந்த கதவு, வண்ணம் தீட்டிய மரக்கூரை. சுற்றிலும் ஊரே பழைய ஊர்.

அபர்டீன்ஷயரின் கிரேகீவர், 1626-இல் முடிந்த இளஞ்சிவப்புக் கோபுர வீடு. உள்ளே தரைத்தளத்துக்கு மேல் மின்விளக்கு கிடையாது. மேகமூட்டமான மாலையில் போனால் கூரையின் சுதை வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியாது. காலைச் சுற்றைப் பிடியுங்கள்.

இந்த வீடுகளின் சிக்கல், பருவமும் கிழமையும். பல வீடுகள் குளிர்காலத்தில் மூடிவிடும், கோடையிலும் வாரத்தில் சில நாள்தான். தனியார் கோட்டைகள் கல்யாணம், தனி விருந்து என்று திடீரென மூடும். ரயில் நிலையத்திலிருந்து தூரம், ஆகவே கார். இதற்கெல்லாம் ஒரு மாற்று செப்டம்பரில் இருக்கிறது: 'டோர்ஸ் ஓப்பன் டேஸ்'. அந்த மாத வார இறுதிகளில் பகுதி பகுதியாக, வழக்கமாகப் பொதுமக்கள் நுழைய முடியாத கட்டடங்களையும் இலவசமாகத் திறந்துவிடுவார்கள். சில இடங்களுக்கு மட்டும் முன்பதிவு தேவை, அது சீக்கிரம் தீரும்.

## வழி 3: பெரிய கூட்டங்கள்

பிரேமர், செப்டம்பர் முதல் சனிக்கிழமை. விக்டோரியா அரசி 1848-இல் வந்ததிலிருந்து அரச குடும்பத்தோடு ஒட்டிக்கொண்ட பெயர். இன்றும் அவர்கள் பிற்பகலில் வருவார்கள், சிறிது நேரம் இருப்பார்கள், போவார்கள். அந்த நேரத்தில் களத்தைவிட மேடையைப் பார்க்கிற கண்கள்தான் அதிகம். ரயில் கிடையாது. அபர்டீனிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அன்று ஊரில் தங்க இடம் தேடுவது, தீபாவளிக்கு முந்தின நாள் ரயிலில் படுக்கை தேடுவது போலத்தான். சீட்டு மாதங்களுக்கு முன்பே வாங்க வேண்டும். கூரை உள்ள இருக்கை முதலில் தீரும், அதற்குக் காரணம் வானம்.

கவல், டனூன் ஊரில் ஆகஸ்ட் கடைசியில், வியாழன் முதல் சனி வரை. 1894-இல் தொடங்கியது. ஹைலண்ட் நடனத்துக்கான உலகப் போட்டி நடப்பது இங்கேதான். கார் இல்லாதவர்களுக்குப் பெரிய கூட்டங்களில் இதைவிட வசதி வேறில்லை. கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து கூரக்குக்கு ரயில், அங்கிருந்து படகில் அரை மணிக்குள். பெரிய காற்றடித்தால் படகு நிற்கும் என்பதால் அன்று இரவு விமானம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கிளாஸ்கோ கிரீனில் ஆகஸ்டில் நடக்கும் உலகப் பைப் பேண்ட் போட்டி, பேக்பைப் என்ற துருத்தி வாத்தியத்தைக் கேட்க மட்டும் வருகிறவர்களுக்கு. எடின்பரோவின் ராணுவ இசை விழா 1950 முதல் நடப்பது, கோட்டையே பின்னணி. அற்புதமான காட்சிதான், ஆனால் காட்சி. பாரம்பரியக் கூட்டம் என்ற கணக்கில் அதைச் சேர்க்கத் தயக்கம் உண்டு.

## வழி 4: சிற்றூர் விளையாட்டுகள்

ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் நேரம் என்றால் இங்கே வாருங்கள். ஃபைஃபில் சீரஸ், ஜூன் கடைசி சனி. 1314-இல் இங்கிலாந்துப் படையை வென்ற பானக்பர்ன் போரிலிருந்து தொடர்வதாக ஊரார் சொல்கிறார்கள். பக்கத்து ரயில் நிலையம் கூப்பர், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். ஸ்ட்ராத்டானில் லோனாக், ஆகஸ்ட் நாலாவது சனி. ஈட்டியும் கோடாரியும் ஏந்திய ஊர் ஆண்கள் காலையிலிருந்து வீடு வீடாக நடந்து, வாசலில் தரும் விஸ்கியைக் குடித்துக்கொண்டே வருவார்கள். நடக்க முடியாமல் போகிறவரை ஏற்றிக்கொள்ள ஒரு குதிரை வண்டி பின்னால் வரும். கிளென்ஃபின்னன், ஆகஸ்ட் 19-ஐ ஒட்டிய சனி. 1745-இல் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்ல்ஸ் அரியணை கோரிக் கிளர்ச்சிக் கொடியேற்றிய நாள் அது.

இங்கே போகிறவர்கள் செய்கிற தப்பு, மேடை நிகழ்ச்சி போல வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் என்று நினைப்பது. ஒரே திடலில் ஐந்தாறு போட்டிகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு மூலையில் மரப்பலகை மேடையில் நடனம், நடுவில் கனரகப் போட்டி, சுற்றி ஓட்டம், ஓரத்தில் தனி ஆளாகப் பைப் வாசிப்பு. வாசலில் விற்கும் நிகழ்ச்சிநிரல் புத்தகத்தை வாங்காவிட்டால் ஒன்றும் புரியாது. சில்லறையாகக் கொஞ்சம் பவுண்டு வைத்திருங்கள்.

மரம் எறிவதைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கேபர் என்பது சீவிய மரத்தண்டு. ஆறு மீட்டர் சுற்றில் நீளம், 60 முதல் 80 கிலோ எடை. உதவியாளர்கள் நிமிர்த்திக் கொடுக்க, வீரர் குனிந்து மெல்லிய முனைக்கு அடியில் இரு கையையும் கோத்து, தண்டைத் தோளில் சாய்த்துத் தூக்குவார். அந்த நொடியில் மேல்நுனி தள்ளாடும். அவர் தண்டின் பின்னாலேயே நாலு எட்டு தடுமாறுவது போலத் தெரியும், உண்மையில் சமநிலையைத் தேடுகிறார். பிறகு ஓட்டம், சட்டென்று நிற்றல், எறிதல். தடித்த மேல்முனை தரையில் குத்தி, கையிலிருந்த மெல்லிய முனை வானத்தில் எழுந்து அந்தப் பக்கம் புரண்டு விழ வேண்டும். எவ்வளவு தூரம் என்பது கணக்கே இல்லை. எவ்வளவு நேராக விழுந்தது என்பதுதான். அவர் ஓடிய திசையிலேயே, கடிகாரத்தில் பன்னிரண்டு காட்டுகிற மாதிரி விழுந்தால் முழு வெற்றி. பதினொன்றரை என்றால் கொஞ்சம் குறைவு. ஆகவே பக்கவாட்டில் உட்கார்ந்தால் பாதிதான் தெரியும். வீரரின் முதுகுப்பக்கமாக இடம் பிடியுங்கள். யாராலும் புரட்ட முடியாவிட்டால் ரம்பத்தை எடுத்துவந்து நுனியில் ஒரு துண்டை அறுத்துவிடுகிற வழக்கமும் உண்டு.

அதேபோல் 56 பவுண்டு, அதாவது 25 கிலோவுக்குச் சற்று மேலான இரும்பு எடையை ஒற்றைக் கையால் தலைக்கு மேலிருக்கும் கம்பியைத் தாண்டி எறிவார்கள். எடை நேர் மேலே போய் நேர் கீழே வரும்; எறிந்தவர் நகர்ந்துகொள்கிற வேகத்தைப் பாருங்கள். வாள் நடனத்தில் குறுக்காக வைத்த வாள்களைக் கால் இடம்பெயர்த்தால் போட்டியிலிருந்து வெளியே.

பைப் வாசிப்பைத் தேடிப் போக வேண்டும், அது உங்களைத் தேடி வராது. அணி அணியாக வரும் பேண்டுகள் எல்லார் காதிலும் விழும். ஆனால் பிப்ரோக் எனப்படும் பெரிய இசை, காலையிலேயே ஒரு ஓரத்தில் நடுவர் முன்னால் ஒருவர் மட்டும் வாசிப்பது. நம்மூரில் நாதஸ்வரத்துக்கு ஒத்து என்றால், இங்கே ஒரே ஆளின் தோளில் மூன்று ஒத்துக்குழல்கள். வாசிப்பவர் முதலில் சில நிமிஷம் அங்குமிங்கும் நடந்துகொண்டே சுருதி சேர்ப்பார். அது பாட்டு இல்லை, அப்போது கைதட்டிவிடாதீர்கள். பிறகு மெதுவாக ஆதாரப் பகுதி, அதன் மேல் வேறுபாடுகள் ஒவ்வொன்றாக இறுகி, விரல்கள் நுணுக்கமாகி, கடைசியில் மறுபடி அதே ஆதாரப் பகுதிக்குத் திரும்பும். பத்து நிமிஷத்துக்கு மேல் போகும். கச்சேரிப் பழக்கம் உள்ள காதுக்கு இதில் பொறுமை வரும்.

மறைந்த செலவுகள்: கார் நிறுத்தம் வயல்வெளியில். மழை பெய்த நாளில் சக்கரம் புதைந்து டிராக்டரை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். சரிவின் கீழ்ப்பக்கம் நிறுத்தாதீர்கள். சாப்பாடு பெரும்பாலும் பர்கர், பன்றி இறைச்சி. சைவம் சாப்பிடுபவர்கள் கையோடு கொண்டுபோவது உத்தமம். குடையைவிட மழைக்கோட்டு நல்லது, பின்னால் இருப்பவருக்கும் மறைக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றில்லாத மாலையில் மிட்ஜ் எனப்படும் கொசுவிலும் சிறிய பூச்சி மேகமாக வரும். மேற்குக் கரையில் மோசம். லேசான தூறலில் எந்தப் போட்டியும் நிற்காது, ஆனால் திடல் ஊறிப்போனால் மொத்த நாளும் ரத்தாகும். அதற்காக ஒரு மாற்றுக் கோட்டையை அதே வட்டாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 5: கேலி

ceilidh என்ற எழுத்தைப் பார்த்து 'சீலித்' என்று படிக்கிறவர்கள் உண்டு. உச்சரிப்பு 'கேலி'; நம் கேலி இல்லை, கேலிக் மொழியில் ஒருவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவது என்று பொருள். இன்று பாட்டும் கூட்டு நடனமும். எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் வருஷம் முழுக்க மாலை நேரங்களில் நடக்கிறது, செலவும் குறைவு, மழையும் தடையில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஒருவர் அடியெடுப்பைச் சொல்லிக்கொடுப்பார். தனியாகப் போனாலும் ஜோடி சேர்த்துவிடுவார்கள். ரப்பர் அடி ஷூ போட்டால் சுழல முடியாது, முட்டி முறுக்கும். வழுவழுப்பான அடி உள்ளதே நல்லது. 'ஸ்டிரிப் த வில்லோ' ஆட்டத்தில் கையைப் பிடித்துச் சுழற்றுகிற வேகம் அதிகம். மணிக்கட்டைப் பிடிக்காமல் முழங்கையைக் கோத்துக்கொண்டால் கீழே விழ மாட்டீர்கள். பாரம்பரியத்தைப் பார்க்க மட்டும் இல்லாமல் அதற்குள் நுழைய வழிவிடுவது இந்த ஐந்தில் இது ஒன்றுதான்.

## ஒரே பார்வையில்

| | அரசுக் கோட்டை | வாழ்ந்த வீடு | பெரிய கூட்டம் | சிற்றூர் விளையாட்டு | கேலி |
|---|---|---|---|---|---|
| எப்போது | வருஷம் முழுக்க, சில மூடும் | பெரும்பாலும் கோடை, சில கிழமை | ஆகஸ்ட், செப்டம்பர் | மே–செப்டம்பர், ஊருக்கு ஒரு நாள் | வருஷம் முழுக்க |
| முன்பதிவு | எடின்பரோவுக்கு நல்லது | வழிகாட்டிச் சுற்றுக்கு | மாதங்களுக்கு முன் | பெரும்பாலும் வாசலிலேயே | சில நாள் முன் |
| கார் இல்லாமல் | எளிது | நகரத்தில் மட்டும் | கவல் எளிது, பிரேமர் கடினம் | ஊரைப் பொறுத்து | எளிது |
| மழையில் | பாதி சமாளிக்கலாம் | கவலை இல்லை | கூரை இருக்கை வேண்டும் | நனைய வேண்டியதுதான் | கவலை இல்லை |
| முட்டி வலிக்கு | சுழல் படி, மேடு | வீட்டைப் பொறுத்து | இருக்கை உண்டு | மடக்கு நாற்காலி கொண்டுபோகலாம் | பார்த்துக்கொண்டு உட்காரலாம் |
| கையைக் கடிப்பது | பாஸ் தேர்வில் தப்பு | பொருந்தாத அட்டை, கார் | தங்குமிடம் | கார், ரத்தாகும் நாள் | ஒன்றும் இல்லை |

## யாருக்கு எது

நவம்பரிலோ பிப்ரவரியிலோ வருகிறவர்கள் குழம்பவே வேண்டாம். ஸ்டர்லிங், லின்லித்கோ, கிளாஸ்கோ பேராலயம், ஒரு மாலை கேலி. பேராலயத்துக்குக் கட்டணம் இல்லை. ஜனவரி கடைசிச் செவ்வாயில் ஷெட்லாந்தின் லெர்விக் ஊரில் தீப்பந்த ஊர்வலம் நடத்திக் கப்பலையே கொளுத்துகிற 'அப் ஹெலி ஆ' உண்டு. ஆனால் ஐந்து நாளில் போய்வரும் இடமில்லை, விமானமோ கப்பலோ தாமதமானால் திட்டம் போயிற்று.

ஜூனில் வந்து ஹைலண்ட்ஸ் வரை போக நேரமில்லை என்றால் தெற்கே எல்லைப்புற ஊர்களின் 'காமன் ரைடிங்' பாருங்கள். ஹாவிக், செல்கர்க் ஊர்களில் நூற்றுக்கணக்கானோர் குதிரையேறி ஊர் எல்லையைச் சுற்றி வருவார்கள். செல்கர்க்கின் சடங்கு 1513-இல் ஃப்ளாடன் போரில் இங்கிலாந்திடம் தோற்றதை நினைப்பது. இதற்குச் சீட்டே கிடையாது, தெருவில் நின்றால் போதும். கில்ட்டும் கேபரும் எதிர்பார்த்துப் போகாதீர்கள், இது வேறு ஸ்காட்லாந்து.

வயதான பெற்றோரோடு வருகிறவர்கள் சிற்றூர்த் திடலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் காப்பி, கம்பளிச் சால்வை இருந்தால் அவர்களுக்கு அது எடின்பரோக் கோட்டையின் கற்பாதையைவிடச் சுகம். சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படியே. ஊர்ச் சிறுவர் ஓட்டப்பந்தயத்தில் வெளியூர்ப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரம் கிடைத்தவர்களுக்கு ஐந்து நாளை இப்படி அடுக்கலாம். புதன் எடின்பரோவில் இறங்கி ஓய்வு. வியாழன் ரயிலில் ஸ்டர்லிங், திரும்பும் வழியில் லின்லித்கோ. வெள்ளி கிளாஸ்கோ, டெனமென்ட் ஹவுஸ், இரவு கேலி. சனி டனூனில் கவல் கூட்டம், மாலைப் படகில் திரும்பல். ஞாயிறு இருப்பு நாள். கார் தேவையில்லை. முதலில் பதிவு செய்ய வேண்டியது கிளாஸ்கோ தங்குமிடம், இரண்டாவது கவல் சீட்டு. ஸ்டர்லிங்குக்கு முந்தின வாரம் போதும்.

காரோடு இன்வர்னஸ் பக்கம் போகிறவர்கள் அரை நாள் கூடுதலாக வைத்துக்கொண்டால், எந்தப் பட்டியலிலும் மேலே வராத ஒரு கட்டடம் இருக்கிறது. ஆல்னஸ் ஊருக்கு மேலே ஃபைரிஷ் குன்று, 450 மீட்டருக்குச் சற்று மேல். உச்சியில் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் பெரிய கல்வளைவுகள். கட்டியவர் ஜெனரல் ஹெக்டர் மன்ரோ, 1782 வாக்கில். 1780-இல் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படையிடம் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்தபோது பக்கத்திலேயே காஞ்சிபுரத்தில் இருந்தும் உதவிக்குப் போகாமல், பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியவர். அடுத்த வருஷம் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். குன்றின் மேல் நிற்பது அந்த நாகப்பட்டினக் கோட்டை வாசலின் வடிவம். பிழைப்பு இல்லாத ஊர் மக்களுக்குக் கூலி வேலை கொடுக்கக் கட்டியது என்கிறார்கள். கூலி நாட்களைக் கூட்டுவதற்காக, மேலே ஏற்றிய கற்களை அவரே உருட்டிவிட்டார் என்று ஒரு கதையும் அங்கே வழங்குகிறது. சீட்டு கிடையாது, காவலர் கிடையாது. அடிவார நிறுத்துமிடத்திலிருந்து காட்டுப் பாதையில் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மழைக்குப் பின் வழுக்கும். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். மேலே கடை ஏதும் இல்லை.